சிரிக்கக் கூடாத வீடு

ரேடியோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, குடை பிடித்து நடந்துபோனவர்கள்கூட வேனை முந்திக்கொண்டு போனார்கள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா, தம்பி."

"இதுக்கு மேல மெதுவான்னா இறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும், அண்ணே" என்றார் வேன்காரர்.

பின் சீட்டில், ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கண்ணாடிக்காரர் மகளை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கை அவள்மேல் படவும் கூடாது, கையை எடுத்துவிடவும் மனம் வரவில்லை. அணைத்துக்கொண்ட மாதிரி காற்றில் வைத்திருந்தார். வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் சுருங்கியது அவர் முகம்தான். அவளோ ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, நம்ம தெரு நாய் குட்டி போட்டிருக்குமா?" என்று கேட்டாள்.

"பேசாதே, கண்ணு. மூச்சு வாங்கும்."

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். பன்னிரண்டு வயது. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால், தூங்கப்போகும்வரை வாய் ஓயாது. கீழே அப்பாவின் பட்டறையில் கண்ணாடிப் பலகைகள் சாய்த்து வைத்திருக்கும் இடத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற ஆட்களிடமெல்லாம் கதை கேட்பாள், கதை சொல்வாள். ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு.

பிறந்தபோதே அவள் நெஞ்சின் நடுவில் கட்டைவிரல் வைத்து அழுத்திய மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. வளர வளரப் பள்ளமும் கூடவே வளர்ந்தது. குளிக்கும்போது அதில் தண்ணீர் தேங்கி நிற்பதை, "எனக்கு மட்டும் சொந்தமா ஒரு குளம்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க முடியாமல் போனது போன வருஷம். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றாள். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். உள்ளே வளைந்த எலும்பு இதயத்தை ஒரு பக்கம் ஒதுக்குகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இரண்டு விலாப்பக்கமும் துளை போட்டு, வளைத்த எஃகுக் கம்பி ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்து, எலும்பை வெளியே தள்ளி நிறுத்த வேண்டும். எலும்பு அந்த நிலைக்குப் பழகும்வரை, இரண்டு மூன்று வருஷம், கம்பி உள்ளேயே இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸுகள் மறுநாளே அவளை எழுப்பி வராந்தாவில் நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் ஒரு நர்ஸ் கண்ணாடிக்காரரை உட்கார வைத்து எல்லாம் சொன்னார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கீழே மருந்து வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கனம் தூக்கக் கூடாது, ஸ்கூல் பையும் கூடாது. இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். ஓட்டம், சைக்கிள், பந்து எல்லாம் டாக்டர் சொல்லும்வரை மறந்துவிட வேண்டும்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துல கம்பி நகர்ந்துட வாய்ப்பிருக்கு. நகர்ந்தா மறுபடியும் உள்ள போய்த்தான் சரி பண்ணணும்."

அதற்குப் பிறகும் நர்ஸ் பேசிக்கொண்டுதான் இருந்தார். தலையையும் ஆட்டினார் இவர். ஆனால் காதில் ஒன்றும் ஏறவில்லை.

கண்ணாடிக்காரர் வீடு பட்டறைக்கு மேலே. இரண்டு அறை, ஒரு சமையலறை, குறுகலான படிக்கட்டு. மகள் ஒவ்வொரு படியாக ஏற, கோழி பிடிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். கட்டிலில் முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்த பிறகுதான் அவருக்கே மூச்சு வந்தது.

"இனிமே இதுதான் உன் இடம். எது வேணும்னாலும் கூப்பிடு."

"அங்க தினமும் நடந்தேனே, அப்பா."

"அங்க டாக்டர் பக்கத்துல இருந்தாங்க. இங்க யாரு இருக்கா?"

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருந்தார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் அதிலிருக்கும் உருண்டைகள் மேலே எழும்பும். சாயங்காலம் அவள் அதை இழுத்தபோது ஒரு உருண்டை பாதிதான் எழும்பியது. வலியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் அதை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "வலி போகட்டும், அப்புறம் ஊதிக்கலாம்."

"ஊதுறது இல்லப்பா, இழுக்கிறது."

"எதுவா இருந்தாலும் அப்புறம்."

அவர் மனைவிக்கு ரொட்டிக்கடையில் வேலை. விடியும் முன்னே மாவு பிசையப் போனால், மதியம் தாண்டி வருவாள். உடம்பெல்லாம் மாவு வாசம் அடிக்கும். ஆபரேஷனுக்காக எடுத்த லீவு முடிந்துவிட்டது. "நீங்க பார்த்துப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். பார்த்துக்கொள்வதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பட்டறையை மூடினார். கண்ணாடியில் கீறல் போட்டு ஒடிக்கும்போது வருகிற சத்தத்தில் மகள் திடுக்கிட்டுவிடுவாளோ என்று பயம். கண்ணாடி வெட்டித் தரக் கேட்டவர்களையெல்லாம் வேறு கடைக்கு அனுப்பினார். சூப்பில் ரொட்டியைத் தோய்த்து ஊட்டினார். கையைத் தூக்க வேண்டாம் என்று அவரே தலை வாரினார். வகிடு கோணலாக வந்தது.

ஒத்தாசைக்கு அவருடைய அக்கா வந்தாள். ரேடியோவுக்கு அத்தை. அவள் வந்தால் வீடே கலகலக்கும். ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள், மருமகளின் வகிட்டைப் பார்த்தாள்.

"யாருடி இந்த ரோடு போட்டது? குடிச்சிட்டுப் போட்டானா?"

ரேடியோ சிரித்துவிட்டாள். சிரித்த மறு நொடி வாய் அப்படியே திறந்து நின்றது. சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. தலையணையைப் பிறாண்டினாள்.

"என்னடி, என்னடி ஆச்சு?"

"உள்ள... டக்குன்னு... ஒரு சத்தம்."

சமையலறையிலிருந்து ஓடிவந்த கண்ணாடிக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. மகள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குக் கீழே அது இப்போது தட்டையாக, மற்றப் பிள்ளைகளுடையது போலத்தான் இருந்தது. உள்ளே என்ன ஆயிற்று என்று வெளியே பார்த்து யார் சொல்ல முடியும்? கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"அவளைச் சிரிக்க வைக்காதக்கா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"சிரிக்காம எப்படிடா ஒரு பிள்ளை இருக்கும்?"

"உனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குப் பெரிய ஜன்னல் மாட்டிக் கொடுத்தேன். பார்த்தா பளிங்கு மாதிரி இருந்துச்சு. ஓரத்துல மயிரிழை விரிசல் ஒண்ணு இருந்திருக்கு, கண்ணுக்கே தெரியல. மறுநாள் அந்தம்மா துணியால மெல்லத் துடைச்சிருக்காங்க. மொத்தமும் பொலபொலன்னு கொட்டிடுச்சு. இவளும் இப்ப அப்படித்தான்கா. ஒரு இருமல் போதும். ஒரு தும்மல் போதும்."

"வாயைக் கழுவு" என்றாள் அக்கா. ஆனால் அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் வாயைத் திறக்காமல் துணி மடித்தாள்.

மழை விடவில்லை. சுவரெல்லாம் ஈரம் பூத்தது. காயப்போட்ட துணி நாற்றமடித்தது. வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். கதவைச் சாத்தும்போது பிடித்துச் சாத்தினார்கள். ரேடியோவின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. இருமல் வருகிற மாதிரி இருந்தால் கண்ணாடிக்காரர் வெந்நீர் டம்ளரோடு ஓடிவருவார். "அடக்கிக்கோ கண்ணு, அடக்கிக்கோ." அவளும் உதட்டை இறுக்கிக்கொண்டு, முகம் சிவக்க அடக்கிக்கொள்வாள். அடக்கி முடித்ததும், "நல்ல பிள்ளை" என்பார்.

கட்டிலை விட்டு இறங்குவது பாத்ரூமுக்குப் போக மட்டும்தான். போகப்போக அவளாகவே அதையும் தள்ளிப்போட ஆரம்பித்தாள்.

ஒரு மதியம் அம்மா வேலை முடிந்து வந்தாள். வழக்கமாக அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, "அம்மா, கடைக்கு யார் யார் வந்தாங்க?" என்று கேள்வி வரும். அன்று வரவில்லை. சூடாக ஒரு பன் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"ஏன்டி, பிடிக்கலையா?"

"அப்புறமா... சாப்பிடறேன்."

அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் அவள் மூச்சு வாங்கினாள். அம்மா நெற்றியில் கை வைத்தாள். அடுப்புக் கல்லில் வைத்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள். மூச்சு வயிறுவரை போகவே இல்லை. கழுத்துக்குக் கீழேயே வேகவேகமாகப் போய்ப் போய்த் திரும்பியது. மூக்கின் ஓரம் விரிந்து விரிந்து மூடியது.

"என்னங்க, இங்க வாங்க. இவ மூச்சு ஏன் இப்படி மேலாகவே போகுது? எப்ப இருந்து ஜுரம்?"

"காலைல லேசா இருந்துச்சு. மாத்திரை கொடுத்தேன். ஆட்டாம அசைக்காமத்தான் வச்சிருக்கேன்."

"கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"இந்த மழையிலயா? படியில வழுக்கினா? வண்டி குலுங்கினா கம்பி..."

"கம்பி நகருதோ இல்லையோ, இப்படியே விட்டா..." என்று ஆரம்பித்தவள் மகள் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "வேன்காரரைக் கூப்பிடுங்க" என்றாள்.

படியிறங்க ரேடியோவுக்குத் தெம்பில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் கூடாது. சாய்வுள்ள மர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கண்ணாடிக்காரர் முன்னாலும் வேன்காரர் பின்னாலுமாகத் தூக்கினார்கள். கண்ணாடிக்காரர் பின்பக்கமாகக் காலால் துழாவித் துழாவி ஒவ்வொரு படியாக இறங்கினார். முகத்துக்கு நேரே மகளின் முகம். அவள் கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்தாள்.

"பெரிய கண்ணாடி ஒண்ணை இறக்கறோம்னு நினைச்சுக்கோங்க, அண்ணே" என்றார் வேன்காரர், தைரியம் சொல்கிற மாதிரி.

"கண்ணாடி உடைஞ்சா வேற வெட்டிக்கலாம், தம்பி."

அன்று வேன்காரர் வண்டியை வேகமாகத்தான் ஓட்டினார். மெதுவாகப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எக்ஸ்ரே எடுக்க அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் மாவு காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவர் வாய்க்குள், "நகர்ந்திருக்கும், நகர்ந்திருக்கும்" என்று முணுமுணுத்தார். "சும்மா இருங்களேன்" என்றாள் அவள். மறுபடி உதடு அசைந்தது.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். விலாவுக்குக் குறுக்கே வெள்ளையாக, வளைந்து, கம்பி.

"போட்ட இடத்துல அப்படியே இருக்கு. ஒரு நூல் நகரல. டக்குன்னு சத்தம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது எலும்பு புது இடத்துக்குப் பழகுறது."

கண்ணாடிக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஆனா இங்க பாருங்க" என்று டாக்டரம்மா படத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டார். "நுரையீரலோட அடிப்பாகம் சுருங்கிப் போயிருக்கு. காத்தே போகல. சளி தேங்கி, கிருமி பிடிச்சிருக்கு. தினமும் நடக்கிறாளா?"

"இல்லீங்க டாக்டர். கட்டிலை விட்டு இறக்கவே இல்ல."

"மூச்சுப் பயிற்சி?"

"வலிக்குதுன்னு எடுத்து வச்சுட்டேன்."

"இருமுறாளா?"

"இருமவே விடலீங்க" என்றார். சொல்லும்போதே குரல் கீழே போயிற்று. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களை யாரு அப்படிச் செய்யச் சொன்னது?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "கனம் தூக்காதே, முறுக்காதே, ஓடாதேன்னு சொன்னோம். நடக்காதேன்னு சொல்லல. இருமாதேன்னு சொல்லல. நடந்தாத்தான், ஆழமா மூச்சு எடுத்தாத்தான், இருமினாத்தான் நெஞ்சு சுத்தமாகும். நீங்க பயந்துபோய் இருந்ததை நாங்க கவனிக்கல. நீங்க கேட்டுக்கிட்டீங்களான்னு பார்க்காம அனுப்பிட்டோம். அது எங்க தப்பு."

"அவ பிழைச்சுப்பாளா?" என்று அம்மாதான் கேட்டாள்.

"மருந்து ஏத்தறோம். ஆனா மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதியை அவதான் செய்யணும். இன்னிக்கே."

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். இளம்வயசு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். ரேடியோவின் நெஞ்சோடு ஒரு தலையணையைச் சேர்த்து வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோ. மூச்சை இழுத்து, நல்லா இருமு பார்க்கலாம்."

ரேடியோ தலையை ஆட்டினாள். முடியாது.

"வலிக்கும், ஆனா ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு தரம்."

"மாட்டேன்."

"ஏன்டா?"

"உடைஞ்சிடுவேன்."

"யாரு சொன்னா?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்துக்கொண்டு மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள். "அப்பா... அத்தைகிட்ட சொன்னார். ஒரு இருமல் போதும்... ஜன்னல் மாதிரி... கொட்டிடுவேன்னு."

கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளாக அந்தப் பிள்ளை இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து அளந்து விட்டிருக்கிறது. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று இவர் சொல்லச் சொல்ல, அது சாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

அறையை விட்டு ஓடிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கதவுவரை போய்விட்டார். கதவிலிருந்து திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"அப்பா சொன்னது தப்பு, கண்ணு."

"பொய். உங்க கை நடுங்குது."

அவர் கையைப் பார்த்தார். நடுங்கத்தான் செய்தது. மறைக்கவில்லை.

"ஆமா, நடுங்குது. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா டாக்டரம்மா படத்தைக் காட்டினாங்க. என் கண்ணால பார்த்தேன். உன் கம்பி போட்ட இடத்துல கெட்டியா நிக்குது. என் பயம் வேற, உன் கம்பி வேற. அப்பாவுக்குப் பயந்த சுபாவம், அதுக்கு நீ ஏன் சாகணும்?"

கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரேடியோ மட்டும் முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்களும் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

தலையணையின் மேல், அவள் கைகளுக்கு மேல், அவர் தன் கைகளை வைத்தார். அவள் மூச்சை இழுத்தாள். இருமினாள். பக்கத்து அறைவரை கேட்கும்படி ஒரு அலறல் வந்தது. கண்ணாடிக்காரர் கையை எடுக்கவில்லை.

"சபாஷ். இன்னொண்ணு" என்றார் அந்தப் பெண்.

இரண்டாவது இருமலில் பச்சையாகச் சளி வந்து விழுந்தது. அம்மா அதைத் துணியில் பிடித்து, ஏதோ கிடைக்காதது கிடைத்த மாதிரி விரித்துப் பார்த்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜுரம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் மூச்சு மறுபடி வேகமெடுக்க, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். அன்று பூராவும் அம்மா வேலைக்குப் போகவில்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, மருந்து பாட்டில் தொங்கும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு அவளை வராந்தாவில் நடக்க வைத்தார்கள். முதலில் கதவுவரை. அப்புறம் ஜன்னல்வரை. கண்ணாடிக்காரர் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனார். "கையைக் கீழே போடுங்கப்பா, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள். கையைக் கீழே போட்டார். மறுபடி தானாக மேலே வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. இந்தத் தடவை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள். எதைச் செய்யக் கூடாது, எதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று சொன்ன நர்ஸ், அதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். பட்டறை திறந்தது. அத்தைக்கு மறுபடி வாய் வந்தது. ஆனாலும் அவர் ராத்திரி எழுந்து மகள் மல்லாந்துதான் படுத்திருக்கிறாளா என்று பார்ப்பதை விடவில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டே, "அவ தூங்கறா, நீங்களும் தூங்குங்க" என்பாள். அவளும்தான் தூங்காமல் கிடந்தாள்.

சாயங்காலம் தெருவில் நடை. ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரம், அவள் முன்னாலும் அவர் நாலடி பின்னாலுமாகப் போனார்கள். சேறு காய்ந்து தெரு கெட்டிப்பட்டிருந்தது. எதிர்முனையிலிருந்து ஸ்கூல் விட்டு வந்துகொண்டிருந்தாள் அவளுடைய கூட்டுக்காரி ஒருத்தி. இவளைக் கண்டதும் பையை அப்படியே தரையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கட்டிப்பிடிக்க ஓடிவந்தாள்.

கண்ணாடிக்காரருக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கால் எழவில்லை. அந்தப் பிள்ளை வந்துகொண்டே இருந்தது.

ரேடியோ ஒரு கையை முன்னால் நீட்டினாள்.

"நில்லுடி. கட்டிப்பிடிக்கக் கூடாது. உள்ள கம்பி இருக்கு."

கூட்டுக்காரி சறுக்கி நின்றாள். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து ரேடியோவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது பிடிக்கலாமா?"

"இது பிடிக்கலாம். பையைத் தூக்கச் சொல்லாதே, ஓடச் சொல்லாதே. நடக்கலாம். எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கலாம். உனக்கு விஷயம் தெரியுமா, என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தா ஹேங்கர் மாட்டின மாதிரி இருக்கு..."

பேசிக்கொண்டே இருவரும் தெருமுனையை நோக்கிப் போனார்கள். அவர் பின்னால் போகவில்லை. பக்கத்தில் சாத்தியிருந்த கடைப்படியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் முனையில் திரும்பிப் பார்வையிலிருந்து மறைந்தார்கள்.

வேனைக் கழுவிக்கொண்டிருந்த வேன்காரர் ஈரக் கையோடு ஓடிவந்தார். "என்ன அண்ணே, உடம்புக்கு என்ன? இப்படி உட்கார்ந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, தம்பி" என்றார் கண்ணாடிக்காரர், முனையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ நடந்து போயிருக்கா. திரும்பி வரட்டும்னு உட்கார்ந்திருக்கேன்."